கேபினுக்குள் மூன்றாவது காது

"உங்களைக் கூப்பிட்டது யோசிக்கிறதுக்கு இல்லம்மா. இவன்தான் திருடன்னு ஒரு ரிப்போர்ட் எழுதித் தர்றதுக்கு."

கணேசமூர்த்தி ஆள்காட்டி விரலை நீட்டினார். விரலுக்கு எதிரே, கண்ணாடிக் கேபினின் மூலையில், உட்காரச் சொல்ல யாருமில்லாததால் நின்றுகொண்டிருந்தான் சுந்தரம். ஆடுகோடியில் கடை வைத்து, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்பவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தமயந்தி கைப்பையை மேஜைமேல் வைத்தாள். டெலிபோன் இலாகாவின் விஜிலென்ஸ் பிரிவிலிருந்து ராஜினாமா செய்துவிட்டு, மர்பி டவுனில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துபவள். நாற்பதைத் தாண்டியவள். யார் கத்தினாலும் அவள் குரல் ஏறாது. கத்துபவர்களுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"யோசிக்காம எழுதறதுக்கு டைப்பிஸ்ட் போதும் சார். என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

"ஃபோன்லயே சொன்னேனே!"

"ஃபோன்ல திட்டினீங்க சார்" என்றான் பின்னால் நின்ற நாணு. "சொல்லல."

நாணு, தமயந்தியின் உதவியாளன். முன்பு கம்ப்யூட்டர் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொன்னதால் வேலை போயிற்று என்பது அவன் தரப்பு.

கணேசமூர்த்தி அவனை முறைத்துவிட்டு ஆரம்பித்தார். ஜோகுபாளையத்தில் இந்த டிராவல்ஸ் கம்பெனியை அவரும் தம்பி சந்தானமும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஐ.டி. கம்பெனிகளின் ஆட்களை வீட்டிலிருந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் காண்டிராக்ட். டெண்டருக்கான ரேட்டை அண்ணனும் தம்பியும் இந்தக் கேபினுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிவு செய்வார்கள். மூன்றாம் மனிதர் கிடையாது. அப்படியும் சமீபத்தில் இரண்டு டெண்டர்கள் மயிரிழையில் கைநழுவிப் போயின. கோரமங்களாவில் உள்ள ஒரு எதிரிக் கம்பெனி இவர்கள் ரேட்டுக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழே போட்டு அள்ளிக்கொண்டு போனது.

"ரெண்டு தடவையும் இந்தப் புதுக் கம்ப்யூட்டர் இவன் கடைக்கு ரிப்பேருக்குப் போயிட்டு வந்திருக்கு. எல்லாம் தானா ஹேங் ஆகுது, பாட்டு போட்டா இழுக்குது, திடீர்னு ஸ்கிரீன் நீலமாகி நின்னுடுது. வேணும்னே கெட்ட மெஷினைக் குடுத்து, ரிப்பேர்னு எடுத்துட்டுப் போய், உள்ள இருக்கிறதை எல்லாம் வித்துட்டான். அல்சூர் ஸ்டேஷன்ல புகார் குடுத்தாச்சு. நீங்க ரிப்போர்ட் குடுத்தா இன்னிக்கே உள்ள தள்ளிடுவாங்க."

"சார், இன்னா சார் இப்டி பேசறீங்க?" சுந்தரத்தின் குரல் உடைந்தது. "ரேம் மாத்தனேன். பவர் சப்ளை மாத்தனேன். ஃபேன் மாத்தனேன். ரெண்டு தபாவும் என் கடைல ராத்திரி பகலா ஓட்டிப் பார்த்தேன். ஒரு வாட்டிகூட நிக்கல. இங்க கொண்டாந்து வெச்சா மறுநாளே ஃபோன் பண்றீங்க."

"அங்க ஓடுமாம், இங்க ஓடாதாம்! என்ன, எங்க ஆபீஸ்ல பேயா?"

"பேயா இருந்தா ஜாதகம் பார்க்கலாம்" என்றான் நாணு. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தான். "எல்லாம் புதுசு மேடம். ஃபேன் நல்லா சுத்துது. யு.பி.எஸ்., எர்த்திங் எல்லாம் சரி. இந்த ஆபீஸ்ல சூடாகாம இருக்கிறது இந்த மெஷின் ஒண்ணுதான்."

நாணு மானிட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மைக்கை நகர்த்தப் போனான்.

"அதைத் தொடாதே!" என்றார் கணேசமூர்த்தி.

நாணு கையை எடுத்தான். தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"சிங்கப்பூர்ல என் பொண்ணு. ஞாயித்துக்கிழமை இன்டர்நெட்ல பேசுவோம். அட்ஜஸ்ட் பண்ணி வச்சிருக்கேன்."

"சுந்தரம், ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனப்போ மைக்கையும் குடுத்தாங்களா?" என்று தமயந்தி கேட்டாள்.

"இல்லீங்க மேடம். பொட்டி மட்டும்தான் குடுத்தாங்க."

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு இளைஞன் உள்ளே வந்தான். இஸ்திரி மடிப்புக் குலையாத சட்டை, இடுப்பில் செல்ஃபோன் உறை. கணேசமூர்த்தியின் ஒரே மகன் ஹரிஷ். அவனுக்குப் பின்னாலேயே வெற்றிலைச் சிவப்பு உதடுகளோடு சந்தானம் வந்தார்.

"இன்னும் இவனை உட்கார வெச்சுப் பேசிட்டிருக்கீங்களா டாடி?" என்றான் ஹரிஷ்.

"நிக்க வெச்சுத்தான்" என்றான் நாணு.

ஹரிஷ் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "மேடம், இந்த மெஷினை நானே எவ்வளவோ பார்த்துட்டேன். ஹார்ட் டிஸ்க்கை மொத்தமா ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும். இந்த ஆளைப் போலீஸ் பார்த்துக்கட்டும்."

"ஃபார்மேட் பண்ணா தடயமும் போயிடுமே தம்பி" என்றாள் தமயந்தி.

"திருடன் யாருன்னுதான் தெரிஞ்சிடுச்சே!"

சந்தானம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க அண்ணாவுக்கு நேத்து வரைக்கும் திருடன் நான். இன்னிக்கு இவன். நாளைக்கு வாட்ச்மேன். கம்ப்யூட்டருக்கே வெறுத்துப் போச்சு. இவரு கத்த ஆரம்பிச்சாப் போதும், அது செத்துடுது."

"டேய், அது செத்தாத்தான்டா நான் கத்தறேன்!"

"நீ கத்தினாத்தான் அது சாகுது!"

தமயந்தி கையை உயர்த்தினாள். "ஒரு நிமிஷம். இதுல எது முதல்ல?"

இருவரும் நிறுத்தினார்கள்.

"என்னது எது முதல்ல?"

"கத்தறது முதல்லயா, சாகறது முதல்லயா?"

"இது ஒரு கேள்வியா?" என்று ஹரிஷ் சிரித்தான்.

தமயந்தி சிரிக்கவில்லை. "நாணு, ஏதாவது பாட்டு போடு. சத்தம் கம்மியா."

சி.டி. டிரைவில் ஏற்கெனவே ஒரு நாதஸ்வர சி.டி. இருந்தது. நாணு அதை ஓடவிட்டான். கல்யாண வீட்டில் நான்கு தெரு தள்ளி வாசிப்பது மாதிரி மெல்லிய இசை. தமயந்தி உதட்டின் மேல் விரலை வைத்தாள். யாரும் பேசவில்லை. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டிலிருந்து லாரி ஹாரன்கள் மட்டும் கேட்டன. ஒரு உருப்படி முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. நாதஸ்வரம் ஒரு பிசிறு இல்லாமல் போயிற்று.

"பார்த்தீங்களா, நல்லா ஓடுது" என்று சுந்தரம் தாழ்ந்த குரலில் சொன்னான். அப்போதும் ஓடியது.

"சந்தானம் சார்" என்றாள் தமயந்தி. "ரேட் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். உங்க அண்ணா வித்திருக்க மாட்டார். அப்போ நீங்கதானே?"

சந்தானம் நாற்காலியிலிருந்து எகிறினார். "என்னம்மா சொன்னே? யாரைப் பார்த்து? இவரு சொல்லிக் குடுத்தாரா?"

"நான் ஏன்டா சொல்லிக் குடுக்கணும்? ஊரே சொல்லுது!"

"ஊரா? உன் பையனுக்குக் கம்பெனியை எழுதி வைக்கணும், அதுக்கு என்னைத் துரத்தணும். எனக்குத் தெரியாதா?"

"எவன்டா உன்னைத் துரத்தினான்? சோறு போட்டவனையே—"

க்ர்ர்ர். நாதஸ்வரம் இருமியது. ஒரே ஸ்வரத்தில் சிக்கிக்கொண்டு, பல் வலிக்காரன் முனகுவது போல இழுத்தது. பிறகு அறுந்துபோயிற்று. நாணு மவுஸை அசைத்தான். திரையில் அம்புக்குறி நகரவில்லை.

சந்தானம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடிகர்களுக்கு நன்றி" என்றான் நாணு. கம்ப்யூட்டரை அணைத்து மீண்டும் கிளப்பினான். நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை தமயந்தியே குனிந்து மைக்கின் வயரைப் பின்பக்கத்திலிருந்து உருவினாள்.

"இப்போ திட்டுங்க."

"என்ன விளையாடறீங்களா?" கணேசமூர்த்தி இரைந்தார். "நான் யாருன்னு நினைச்சீங்க? எங்க தாத்தா மைசூர் சர்க்கார்ல தாசில்தார்! இந்த ஜோகுபாளையத்துல என்னை எதிர்த்து ஒருத்தன் பேசினதில்ல! உங்க லைசென்ஸையே—"

நாதஸ்வரம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் தொண்டை கட்டும் வரை கத்தினார். அது நிற்கவே இல்லை.

"பரவால்ல சார், இன்னும் திட்டுங்க" என்றான் நாணு. "நல்ல கச்சேரி, பக்கவாத்தியமும் பிரமாதம்."

தமயந்தி மைக் வயரைத் தூக்கிக் காட்டினாள். "மெஷின்ல கோளாறு இல்ல. இந்த மைக் வழியா யாரோ ஒட்டுக் கேட்கறாங்க. அதான் மைக் இல்லாத சுந்தரம் கடைல ஒழுங்கா ஓடிச்சு. நாணு, தேடு."

ஹரிஷ் முன்னால் வந்தான். "நான் தேடறேன். எனக்கு இந்த மெஷின் நல்லாத் தெரியும்."

"அவன் பார்க்கட்டும் தம்பி. நீங்க உட்காருங்க."

நாணு திரைக்குள் தலையை விட்டுக்கொண்டான். கோப்புகளைத் திறந்தான், மூடினான், முணுமுணுத்தான். சந்தானம் கைகளைக் கட்டிக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நாணு விரலைச் சொடுக்கினான்.

"சிக்கிடுச்சு மேடம். பிரிண்டர் சாஃப்ட்வேர் மாதிரி வேஷம் போட்டுட்டு ஒரு ரெக்கார்டிங் புரோகிராம். ரூம்ல பேச்சு கேட்டா தானா எழுந்து பதிவு பண்ணும். பேச்சு நின்னா தூங்கிடும்."

"பார்த்தீங்களா!" கணேசமூர்த்தி எழுந்து நின்றார். "நான் சொல்லல? இவன்தான் வச்சவன். திருட்டு ராஸ்கல்!"

"சத்தியமா நான் இல்ல மேடம்!" சுந்தரம் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டான். "என் கொழந்தைங்க மேல சத்தியமா!"

"எழுதுங்கம்மா ரிப்போர்ட்டை!"

தமயந்தி நாணுவைப் பார்த்தாள். நாணு தாடையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"என்ன நாணு?"

"ஒண்ணு இடிக்குது மேடம். இது பொடி புரோகிராம். ஒரு ஆள் ஒரு நாற்காலில உட்கார்ந்தா நாற்காலி உடையாது. ஒரே நாற்காலில ரெண்டு பேர் உட்கார்ந்தாத்தான் உடையும்."

"அப்போ ரெண்டாவது ஆளையும் தேடு."

இந்த முறை இன்னும் நேரம் பிடித்தது. இரண்டாவது புரோகிராம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, விண்டோஸின் உள் அறைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. நாணு அதைத் திரையின் நடுவே இழுத்துப் போட்டான்.

"இதோ. இதுவும் அதே வேலைதான். மெதுவாப் பேசினா ஏதாவது ஒண்ணு முந்தி மைக்கைப் பிடிச்சுக்கும், பதிவும் ஆயிடும். கத்தினா ரெண்டும் ஒரே நேரத்துல எழும். நீ விடு, நான் விடமாட்டேன்னு இழுக்கும். பாட்டு கொரகொரங்கும். கம்ப்யூட்டர் படுத்துடும்." பிறகு அண்ணனையும் தம்பியையும் ஒருமுறை பார்த்தான். "ஆபீஸுக்கு ஏத்த மெஷின்."

கணேசமூர்த்தி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"சார்" என்றாள் தமயந்தி. "முதல் புரோகிராம் கிடைச்சப்போ நீங்க ஆச்சரியப்படவே இல்ல. உடனே கோபப்பட்டீங்க. ரெண்டாவது கிடைச்சப்போதான் வேர்க்குது. ஏன்?"

"ஏ.சி. வேலை செய்யல."

"முதல் புரோகிராம்கிட்ட நிறைய பதிவு இருக்கு, பட்டியலைப் பார்த்தாலே தெரியுது. ஆரம்பத்துல எல்லாமே சுத்தமா இருக்கு. அப்புறம்தான் துண்டு துண்டா, அரையும் குறையுமா. அதாவது இது முதல்ல தனியா, நிம்மதியா குடியிருந்திருக்கு. ரெண்டாவது வந்தப்புறம்தான் சண்டை. அப்போ ரெண்டாவதை யார் கொண்டு வந்து வச்சாங்களோ, அந்த நேரத்துல அவங்க வாயைத் திறந்திருந்தா அது முதல் புரோகிராம்ல பதிவாகியிருக்கும். கடைசி சுத்தமான பதிவைக் கேட்டாப் போதும்."

"கேளுங்க மேடம்!" சுந்தரத்தின் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

"கேட்கலாம்" என்றான் நாணு. "ஆனா பாஸ்வேர்ட் கேக்குதே."

தமயந்தி கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். காத்திருந்தாள்.

"டாடி, இதெல்லாம் வேண்டாம்" என்று ஹரிஷ் அவசரமாகச் சொன்னான். "ஃபார்மேட் பண்ணிடலாம். இவங்களை அனுப்புங்க."

சந்தானத்துக்கு இப்போது புரிந்துவிட்டது. மெதுவாக எழுந்தார். "என்னை ஒட்டுக் கேட்டியா அண்ணா? கூடப் பொறந்தவனை?"

கணேசமூர்த்தியின் முகம் கறுத்தது. ஆனால் தலை குனியவில்லை.

"ஆமாண்டா. நான்தான் வச்சேன். புது மெஷின் வந்தப்பவே எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைல இந்த புரோகிராம் சி.டி.யை வாங்கி நானே வச்சேன். கேபினுக்குள்ள நீயும் நானும் மட்டும்தான். ரேட் என்னிக்காவது வெளியே போனா, நீதான் போன் போட்டுச் சொல்லியிருப்பே. கையும் களவுமாப் பிடிக்கலாம்னு வச்சேன். எனக்குக் கேட்க நேரம் கிடைக்கல. மெஷின் கெட்டதுலேருந்து என் பையன் ரிப்பேர் பார்க்கறேன்னு அதை விட்டு நகரவே இல்ல. இவன் கடைக்குப் போனப்போ இவன் அதைக் கண்டுபிடிச்சு, கேட்டு, வித்துட்டான்னு நினைச்சேன். இப்போ தெரியுது, ரெண்டாவதை வச்சவன் நீ. உன் வாயால சொன்னதை நீயே கேளு!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு கீபோர்டின் முன் குனிந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"டாடி, ப்ளீஸ்!"

"சும்மா இருடா. உன் சித்தப்பன் யோக்கியதையை நீயும் கேட்கணும்."

நாணு கடைசி சுத்தமான பதிவைத் தேர்ந்தெடுத்து, சத்தத்தைக் கூட்டி ஓடவிட்டான்.

முதலில் நாற்காலி கிறீச்சிடும் ஓசை. கீபோர்டு தட்டும் ஓசை. பிறகு ஒரு செல்ஃபோன் மணி. அப்புறம் குரல்.

"ஹலோ... ஹேளி சார், சொல்லுங்க... இல்ல, ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருக்காங்க. ஏத்திட்டேன். இனிமே உள்ள என்ன ரேட் பேசினாலும் சாயந்திரம் உங்க கைல... ஐயோ, சந்தேகமா? சித்தப்பா மேலதான் வரும். அதுதானே எனக்கு வேணும். அவரை அப்பாவே வெளியே தள்ளிடுவாரு... அப்பாவா? ரேட் பேசும்போது என்னைப் பியூன் மாதிரி வெளியே போடான்னு சொல்ற ஆளு சார் அவரு. கெழவன் மேல எனக்கென்ன பாசம்? உங்க கம்பெனில அந்த மேனேஜர் சீட்டை மட்டும் மறந்துடாதீங்க..."

பெரிய சிரிப்பு. சிரிப்பின் நடுவில் க்ர்ர்ர் என்று ஒரு கொரகொரப்பு. அதோடு பதிவு நின்றது. அந்தக் கம்ப்யூட்டர் முதன்முதலாக ஹேங் ஆன நேரம் அதுதான்.

கணேசமூர்த்தி குனிந்த நிலையிலேயே இருந்தார். ஹரிஷின் குரல்தான் என்பதைக் கேபினில் யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"ஹரிஷ்" என்றார்.

"என்ன ஹரிஷ்?" அவன் பயப்படவில்லை. மாட்டிக்கொண்டவனின் கோபம் அவன் முகத்தில் இருந்தது. "நீங்க வச்சா தந்திரம், நான் வச்சா திருட்டா?"

சந்தானம் சிரித்தார். கேட்க நன்றாயில்லாத சிரிப்பு. "எனக்கு வச்ச பொறியில உன் பையன் விழுந்தான் அண்ணா. பங்கைப் பிரிச்சுடு. நாளைக்கே." கதவைப் படீரென்று சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கணேசமூர்த்தி மூடிய கதவைப் பார்த்தார். பிறகு தமயந்தியிடம் திரும்பினார். குரலில் அதட்டல் இல்லை. ஆனால் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது.

"மேடம். ரிப்போர்ட்ல இவன் பேரையே எழுதிடுங்க."

"யார் பேரை?"

"சுந்தரம் பேரை. வெளியாளுதானே. ரெண்டு நாள்ல நானே ஜாமீன்ல எடுத்துடறேன். என் பையன் பேர் வெளியே வரக்கூடாது. அவனுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம்."

சுந்தரம் மூலையிலிருந்து நடந்து வந்தான். மேஜையைச் சுற்றிக்கொண்டு, கணேசமூர்த்தியின் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்" என்றான். "ரெண்டு பொண்ணுங்க. அதுங்களுக்கும் நாளைக்குக் கல்யாணம் பேசணும்."

கணேசமூர்த்தி பார்வையை விலக்கிக்கொண்டார்.

தமயந்தி மேஜை மேலிருந்த டெலிபோனை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஸ்டேஷனுக்கு நீங்களே போடுங்க சார். புகார்ல இருந்து சுந்தரம் பேரை எடுக்கச் சொல்லுங்க. நீங்க போடலேன்னா நான் போடுவேன். அப்போ இந்தப் பதிவையும் சேர்த்துக் கொண்டு போவேன். நாணு இப்போ அதை சி.டி.ல ஏத்திட்டிருக்கான்."

"ஏத்தியாச்சு மேடம்" என்றான் நாணு. இந்த ஒருமுறை அவன் வேறொன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

கணேசமூர்த்தி எண்களை அழுத்தினார்.

"ஹலோ... இன்ஸ்பெக்டர் சார், கணேசமூர்த்தி. ஜோகுபாளையம்... ஹௌது சார், ஆமா. அந்தப் புகார்... சுந்தரம் இல்ல சார். தப்பாக் குடுத்துட்டேன். அவர் மேல ஒண்ணும் இல்ல." மறுமுனை ஏதோ நீளமாகக் கேட்டது. "இல்ல சார்... வேற யாரும்... அது எங்க வீட்டுப் பிரச்சினை சார். நாங்களே பேசிக்கறோம்."

சுந்தரம் பெருமூச்சு விட்டான். ஹரிஷ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"அவ்வளவுதானே?" என்றான் அப்பாவிடம். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. "இதுக்குப் போய் இவ்வளவு சீன். எனக்குத் தெரியும், நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு." செல்ஃபோனை உறையிலிருந்து எடுத்து யாருடைய எண்ணையோ தேடியபடி கதவை நோக்கி நடந்தான்.

ரிசீவர் இன்னும் கணேசமூர்த்தியின் காதில்தான் இருந்தது. மகனின் முதுகையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார்" என்றார் ரிசீவருக்குள். "ஃபோனை வெக்காதீங்க. எழுதிக்குங்க."

ஹரிஷ் கதவின் கைப்பிடியில் கையோடு நின்றுவிட்டான்.

"ஆமா சார், ஆள் தெரியும். சாட்சி இருக்கு, பதிவு இருக்கு. பேர் ஹரிஷ். வயசு இருபத்தாறு. விலாசம் நம்ம விலாசம்தான்."

மறுமுனையில் இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கணேசமூர்த்தி கண்களை மூடிக்கொண்டார்.

"தகப்பன் பேரா சார்?" என்றார். தொண்டையைச் செருமினார்.

"கணேசமூர்த்தி."